துரை பங்களாக் கணப்பும் லயத்து அடுப்பும்

மலைநாட்டுப் புகையிரதம் ஹட்டனையும் தலவாக்கலையையும் கடந்து நானுஓயாவை அடையுமுன்பே, பிரயாணிகள் பலர் பெட்டியைத் திறந்து கம்பளிச் சட்டையைத் தேடத் தொடங்கிவிடுவர். அங்கிருந்து சிறிது தூரத்தில், கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேலே உள்ளது நுவரெலியா. தை, மாசி விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படிவதும் இங்கு உண்டு.

1840-களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் இங்கே ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவினார். பின்னர் வந்த தோட்டத் துரைமார் தம் நாட்டுக் கணப்படுப்பைப் பங்களாதோறும் கட்டுவித்தனர். 1876-இல் தோன்றிய ஹில் கிளப்பில் அதை இன்றும் காணலாம். பார்வைக்கு அழகுதான், வெப்பம் தருவதிலோ மகா கஞ்சன்! எரியும் நெருப்பு அறையின் சூடான காற்றையே இழுத்துப் புகைபோக்கி வழியே வானுக்கு அனுப்பிவிடும். அவ்விடத்தை நிரப்பக் கதவிடுக்கால் குளிர்காற்று புகும். முகம் வேகும், முதுகு நடுங்கும்.

இதற்குப் பரிகாரமாகக் கணப்புக் குழிக்குள் கதவுள்ள இரும்பு அடுப்பொன்றைப் பொருத்துவர். அத்துடன் வேலை முடிந்ததென எண்ணலாகாது. அடுப்புக்கும் செங்கற் சுவருக்கும் நடுவேயுள்ள இடைவெளியைத் திறந்தே விட்டால், வெப்பத்தில் ஒரு பங்கு வெளிச்சுவருக்கும் புகைபோக்கிக்குமே போய்ச் சேரும். நெருப்புக்குத் தாங்கும் கனிமப் பஞ்சை அதில் அடைத்து, புகைக்குழாய்க்கு மாத்திரம் துளையிட்ட இரும்புத் தகட்டால் புகைபோக்கியின் தொண்டையை மூடவேண்டும். அடுப்பின் காற்றுத் துவாரங்களை மறைத்தல் கூடாது. துணியும் சணலும் ஆகா. முன்னோர் நம்பிய கல்நாரும் ஆகாது, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

சற்றே கீழிறங்கி லயத்துக்குச் செல்வோம். பழைய காம்பிரா ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. மேலே தகரம், முன்னே இஸ்தோப்பு. அங்கே எரிவது கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு. மழைக்காலத்தில் அது நனைந்து, நெருப்பினும் மிகுதியாகப் புகையையே தரும். கதவைத் திறந்தால் குளிர், சாத்தினால் புகை. பங்களாக் கணப்புக்கு விறகு சுமந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிர்காய்ந்தது இந்தப் புகையில்தான்! இன்றும் லயங்களில் வாழ்வோர் பலர். அடுப்புக்கு மேல் கூரைக்கு வெளியே செல்லும் ஒரு புகைக்குழாய், படுக்கும் அறையில் தகரத்தின் கீழ் ஒரு பலகைத் தட்டு — இவ்விரண்டும் அங்கே கனிமப் பஞ்சைவிடப் பெரிய உபகாரம் செய்யும்.

குளிர் தாங்காமல் தணற்சட்டியை உள்ளே வைத்துக் கதவை அடைத்து உறங்குவோரும் உளர். தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். ஆகையால் குழந்தைகள் உறங்குமுன் தணற்சட்டி வாசலுக்கு வெளியே போய்விடட்டும்.