ஊறுகாய் பெட்டியில்... இன்சுலின் கைப்பையில்!

நள்ளிரவு, மீனம்பாக்கம் விமான நிலையம். சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பும் அம்மாக்களின் பெட்டியில் ஊறுகாய், வடகம், பருப்புப்பொடி எல்லாம் இருக்கும். சிலர் இன்சுலினையும் அதிலேயே வைத்துவிடுவார்கள். அங்கேதான் சிக்கல்!

செக்-இன் பெட்டி போகும் சரக்கு அறையில் குளிர் உறைநிலை வரை இறங்கலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்க்கப் பழையபடியே தெரிந்தாலும் போடக் கூடாது. பெட்டியே வந்து சேராவிட்டால்? தெரியாத ஊரில் மருந்துக்கு அலைய வேண்டும்.

அதனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பிரிக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி தேவை. ஆனால் ஐஸ் பேக் நேரடியாக மருந்தைத் தொட்டால் அதுவும் உறைந்துவிடும். நடுவில் ஒரு துண்டு அவசியம். போட்டுக்கொண்டிருக்கும் பேனாவுக்கு ஐஸே வேண்டாம், வெயில் படாமல் இருந்தால் போதும்.

பாதுகாப்புச் சோதனையில் டாக்டர் சீட்டோடு மருந்தைத் தனியே எடுத்துக் காட்டுவது நல்லது. திரவங்களுக்கான 100 மி.லி. கட்டுப்பாட்டில் அவசிய மருந்துகளுக்கு விலக்கு உண்டு.

சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். எப்போது ஊசி போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடுகிற ஊசி என்றால், தட்டு கைக்கு வரும்வரை பொறுக்கணும். விமானம் குலுங்கினால் சாப்பாடு தாமதமாகும். ஊசி அதற்காகக் காத்திருக்காது, சர்க்கரை இறங்கிவிடும்.