ஆறு அங்குலமா, இரண்டு அங்குலமா?

2024 கோடையில் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. காலையில் காபி குடிக்கும்போதும் ஆறு அங்குலம், ராத்திரி படுக்கப் போகும்போதும் ஆறு அங்குலம். புடவை பார்டரோ, ஜன்னல் திரையோ என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வண்டியை எவ்வளவு உயரத்துக்குத் தூக்குவது என்கிற சமாசாரம்!

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரை ஒட்டிய அரோராவில். இந்தப் பக்கத்தில் பிக்-அப் என்றால் நம் ஊரில் தக்காளிக் கூடை ஏற்றுகிற வண்டி இல்லை. முன்னால் ஐந்து பேர் சௌகரியமாக உட்கார இரண்டு வரிசை, பின்னால் திறந்த தொட்டி. ஆபீஸுக்கும் அதுதான், மளிகைக் கடைக்கும் அதுதான், குழந்தையை டாக்டரிடம் கூட்டிப் போவதும் அதில்தான். அதன் ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பர்களை மாற்றி, சக்கரத்துக்கு மேலே வண்டியை இன்னும் நிமிர்த்தி உட்காரவைப்பதற்கு ‘லிஃப்ட்’ என்று பெயர். 2 அங்குலம், 3, 4, 6 என்று அளவு அளவாக, வேண்டிய சாமான்களைப் பெட்டியில் போட்டே விற்கிறார்கள்.

இந்த ஆசை இவருக்கு வந்தது ஒரு மலைப் பிரயாணத்தில். முந்தின வருஷம் லேக் சிட்டி என்ற சின்ன ஊரிலிருந்து ஸின்னமன் பாஸ் என்கிற கணவாய்க்குப் போயிருந்தோம். பெயர்தான் லவங்கப்பட்டை, உயரம் 12,640 அடி. மேலே போகப் போக வெறும் மண்ணும் கல்லும்தான் பாதை. ஓரிடத்தில் வண்டியின் அடியில் ‘கரகர’வென்று ஒரு சத்தம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இவர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தா இது தட்டியிருக்காது” என்றார். அவ்வளவுதான். விதை விழுந்துவிட்டது. ஆபீஸில் ஒரு நண்பர் 6 அங்குலம் தூக்கி, பெரிய டயர் போட்டு, யானை மாதிரி வந்து நிற்கிறாராம். தினமும் அதைப் பார்த்துவிட்டு வந்தால் மனசு கேட்குமா?

முதல் ஆட்சேபணை என் மாமியாரிடமிருந்து வந்தது. அத்தை கோபியிலிருந்து வந்து எங்களோடு சில மாதம் தங்கியிருந்தார்கள். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர்கள். நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். எங்கள் வீட்டுப் படி ஒவ்வொன்றும் 7 அங்குலம். வண்டியின் தரையோ நிலத்திலிருந்து 25 அங்குலம். அதாவது மூன்றரைப் படியை ஒரே எட்டில் ஏற வேண்டும். 6 அங்குல லிஃப்ட்டும், பெரிய டயரால் வரும் 1 அங்குலமும் சேர்ந்தால் 32. அத்தை இவரைப் பார்த்து, “ஏங்கண்ணு, இதுல ஏறறதுக்கு ஏணியும் சேர்த்துத் தருவாங்களா?” என்று கேட்டார்கள். இவர் சிரித்தார். ஆனால் பதில் சொல்லவில்லை.

என் கவலை வேறு. பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது, 14 கிலோ. அவளைத் தூக்கிப் பின் ஸீட்டிலுள்ள குழந்தை நாற்காலியில் வைத்து வார் மாட்டுகிற வேலை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது உண்டு. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இடுப்பு வலி வந்து, பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா படித்துப் படித்துச் சொன்னது ஒன்றுதான்: கனத்தை மார்போடு அணைத்துத் தூக்கு, கையை நீட்டித் தூக்காதே. கை நீள நீள, அதே கனத்துக்கு இடுப்பு பல மடங்கு பாரம் தாங்க வேண்டியிருக்கும். நானோ 5 அடி 1 அங்குலம். வண்டி இன்னும் 7 அங்குலம் உயர்ந்தால் குழந்தையை என் தோள் மட்டத்துக்குத் தூக்கி, கையை நீட்டி உள்ளே தள்ள வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். “பக்கத்துல படி மாட்டிடலாம்” என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு சாமான் இருக்கிறது இவரிடம்!

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. பாப்பா வாசல் ஸிமெண்டுத் தரையில் உட்கார்ந்து கலர் சாக்பீஸால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். வண்டி வீட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. அவள் இருந்தது அதன் மூக்குக்கு முன்னால். இவர் போனில் பேசிக்கொண்டே வந்து, பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பினார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. வண்டி நகரவில்லை, நகர்ந்திருந்தாலும் பின்பக்கமாகத்தான் போயிருக்கும். இவர் இறங்கிவந்து, “இவ எங்க இருந்தா? நான் பார்க்கவேயில்லையே” என்றார். அன்று மத்தியானம் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

சாயந்தரம் நான் ஒரு காரியம் செய்தேன். பாப்பாவை அத்தையோடு உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஓர் அட்டைப்பெட்டியைப் பாப்பாவின் உயரத்துக்கு, சரியாக 3 அடி இருக்கும்படி வெட்டி, மேல் விளிம்பில் சிவப்பு ரிப்பன் ஒட்டினேன். இவரை டிரைவர் ஸீட்டில் உட்காரச் சொன்னேன். பெட்டியை பம்பரை ஒட்டி வைத்தேன். “தெரியுதா?” “இல்லை.” கொஞ்சம் தள்ளி வைத்தேன். “இப்போ?” “இல்லை.” 4 அடி 2 அங்குலம் தள்ளிய பிறகுதான் ரிப்பன் தெரிந்தது. அங்கே கோலப்பொடியால் ஒரு கோடு போட்டேன்.

வண்டியை உயர்த்திப் பார்க்க முடியாதே? அதனால் பெட்டியைக் குட்டையாக்கினேன். 6 அங்குலம் வண்டி ஏறுவதும், 6 அங்குலம் குழந்தை இறங்குவதும் கண்ணுக்கு ஒன்றுதான். 2 அங்குலம் வெட்டினேன். ரிப்பன் தெரிந்த இடம் 5 அடி 1 அங்குலம். லிஃப்ட்டுக்கு 6, டயருக்கு 1 என்று மொத்தம் 7 அங்குலம் வெட்டியபோது ஏழரை அடி. எங்கள் வண்டிக்கு, உயர்த்துகிற ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஐந்தரை அங்குலம் இருட்டு கூடுகிறது. வண்டிக்கு வண்டி, ஓட்டுகிறவர் உயரத்துக்குத் தக்கபடி இந்தக் கணக்கு மாறும்.

கடைசியாக, பெட்டியை பாப்பா உட்கார்ந்தால் இருக்கிற உயரத்துக்கு, 22 அங்குலத்துக்கு வெட்டினேன். லிஃப்ட் எதுவும் வேண்டாம். இருக்கிற உயரத்திலேயே கிட்டத்தட்ட 11 அடி தள்ளிப் போய்த்தான் தெரிந்தது! சாக்பீஸ் படம் 11 அடிக்குள்ளேதான் இருந்தது. இவர் இறங்கிவந்து கோடுகளைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

பின்னால் போகும்போது காட்டுகிற கேமரா எல்லா வண்டியிலும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது வந்த கதை பரிதாபமானது. 2002-ல் நியூயார்க் மாநிலத்தில், குழந்தை வைத்தியரான ஒரு தகப்பனாரே தன் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது, ஓடிவந்த தன் இரண்டு வயது மகனைப் பார்க்க முடியாமல் போயிற்று. அந்தக் குழந்தையின் பெயரால் 2008-ல் ஒரு சட்டம் வந்து, 2018 மே முதல் இந்த நாட்டில் புதிதாக விற்கும் கார், பிக்-அப்களில் பின்பக்கக் கேமரா கட்டாயமாயிற்று. முன்பக்கத்துக்கு அந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் லிஃப்ட் மாட்டுகிற ஒர்க்ஷாப்புக்கு நானும் கூடப் போனேன். நரைத்த தாடிக்காரர் ஒருவர் இருந்தார். பெரிய அளவு விற்றால் அவருக்கு லாபம். ஆனாலும் அவர் முதலில் கேட்டது, “மலையில் தட்டியது எது?” என்றுதான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து சிரித்தார். தட்டியது, பம்பருக்குக் கீழே தொங்கும் பிளாஸ்டிக் பட்டை! நெடுஞ்சாலையில் காற்றைத் திருப்பிவிட்டுப் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக வைத்திருக்கிறார்களாம். மலைக்குப் போகும்போது போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம் என்றார். ஒரு வருஷமாக நடந்த பாரதப் போருக்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் பட்டை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் மாதிரி வண்டியில் பின் அச்சின் நடுவே குடம் மாதிரி ஒன்று தொங்குகிறது. டிஃபரென்ஷியல் என்பது அதுதான். பின்பக்கத்தில் ரொம்பத் தாழ்வான இடமும் அதுதான். லிஃப்ட் எத்தனை அங்குலம் போட்டாலும் அந்தக் குடம் ஒரு நூல்கூட உயராது! உடம்புதான் உயரும். குடம் உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். 33 அங்குல டயருக்குப் பதில் 35 போட்டால்கூட, பாதிதான் கணக்கு, 1 அங்குலம்தான் கிடைக்கும். பெரிய டயர் சுழல இடம் வேண்டும், மூக்கும் நடுவயிறும் பாறையில் இடிக்கக் கூடாது, இதற்கெல்லாம்தான் லிஃப்ட். பாறைமேல் ஏறி விளையாடுகிறவர்களுக்கு 6 அங்குலம் நியாயம். வருஷத்துக்கு மூன்று தடவை கூடாரம் அடிக்கப் போகிற குடும்பத்துக்கு எதற்கு?

2 அங்குலம்வரை சில்லறை வேலை. இரண்டரை, மூன்றைத் தாண்டினால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல்கையை மாற்ற வேண்டிவரும். சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு ரொம்பச் சாய்ந்து, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். 6 என்றால் முன்பக்கத்தையே பிரித்துப் போட்டு வேறு தாங்கிகள் வைத்துக் கட்ட வேண்டும். செலவு அதற்குத் தக்கபடி. எத்தனை அங்குலமானாலும் சக்கர அலைன்மென்ட் பார்க்க வேண்டும். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் முன்விளக்கைத் தாழ்த்த வேண்டும். தானாக பிரேக் போடும் கேமரா, ராடார் இருந்தால் அதையும் சரிபார்க்க வேண்டும். டயரைப் பெரிதாக்கிவிட்டு ஸ்பீடாமீட்டரைத் திருத்தாவிட்டால், அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

வளைவில் கவிழ்கிற பயத்தை அவர் ஏதோ படம் போட்டு விளக்க வந்தார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு ஓடலாம். தலையில் வைத்துக்கொண்டு ஓட முடியுமா? 2012 மாடலிலிருந்து இங்கே எல்லாப் புது வண்டியிலும் சறுக்காமல் பிடிக்கிற மின்னணு ஏற்பாடு கட்டாயம்தான். ஆனால் அதைக் கம்பெனியில் அமைப்பது கம்பெனி வைத்த உயரத்துக்கு.

அன்று ராத்திரி இவரே ஒன்றைப் படித்துச் சொன்னார். கார் பம்பர்கள் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் வேலை செய்யும்படி இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பிக்-அப்கள் அதற்கு மேலே நின்று சின்னக் கார்களின் மேல் ஏறிவிடுகின்றன என்று, 2003-ல் கம்பெனிகள் தாங்களாகவே ஓர் ஒப்பந்தம் செய்து, முன்பக்க இரும்புச் சட்டத்தைக் கார்களுக்கு நேராக வருகிற மாதிரி 2009-க்குள் இறக்க ஒப்புக்கொண்டனவாம். லிஃப்ட் அந்த நேரை மறுபடி மேலே தூக்கிவிடுகிறது. படித்துவிட்டு கராஜில் நின்ற என் சின்ன கொரோலாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கராஜ் கதவின் உயரமும் 7 அடிதான். வண்டி இப்போது 6 அடி 5 அங்குலம். ஏழைக் கூட்டினால் சரியாக 7 அடி, நுழையாது. மே, ஜூனில் எலுமிச்சம்பழ அளவு ஆலங்கட்டி விழுகிற ஊரில் வண்டியை வெளியே நிறுத்த இவருக்கு மனசு வருமா?

கடைசியில் முன்னால் 2 அங்குலம், பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே 1 அங்குலக் கட்டை. பாரம் ஏற்றினால் சமமாக நிற்கட்டும் என்று கம்பெனியிலேயே பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்திருப்பார்கள். அதனால்தான் இந்த வித்தியாசம். டயர் பழைய அளவே. இரண்டு பக்கமும் கால் வைக்கப் படி, முன்னால் ஒரு கேமரா. எனக்கு மனசு பூஜ்யத்தில்தான் இருந்தது. அந்த 2 அங்குலத்துக்கும் 11 அங்குலம் இருட்டு கூடத்தானே செய்கிறது? அவர் நாலு அங்குலம் இறங்கி வந்தார், நான் இரண்டு ஏறிப் போனேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். வண்டியைக் கிளப்புமுன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். போன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வண்டி நகரும்வரை பாப்பா யாராவது பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் நிற்பாள். சாக்பீஸ் டப்பா கொல்லைப்புறத்துக்கு மாறிவிட்டது.

ஊருக்குப் புறப்படுமுன் அத்தை அந்தப் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி, தானாகவே ஏறி உட்கார்ந்தார்கள். விமான நிலையம் போகிற வழியில் ஒரு சிக்னலில் பக்கத்தில் யானை மாதிரி ஒரு வண்டி வந்து நின்றது. இவர் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின் ஸீட்டிலிருந்து அத்தை, “கண்ணு, பச்சை விழுந்து நேரமாச்சு” என்றார்கள்.