விடிய விடியக் கோஷ்டி

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரவுக் கொண்டாட்டம் என்றால் கோயில் வீதிதான். திருவிழாவுக்கு நாளுக்கொரு உபயகாரர். இன்றைக்கு ஒருவர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால், நாளைக்காரர் நாலு கூட்டம் பிடிப்பார். தெட்சணாமூர்த்தியின் தவில் என்று கேள்விப்பட்டால், எத்தனை கட்டை என்றாலும் சைக்கிளில் டபிள் ஏற்றிக்கொண்டு போவோம். 1975இல் மறைந்தபோது அந்த மேதைக்கு 42 வயதுகூட ஆகவில்லை. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்துக்குக் கிழவர்கள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். நாங்கள் கச்சான் கொறித்தபடி அடுத்த நிகழ்ச்சிக்குக் காத்திருப்போம்.

முந்தி அந்த அடுத்த நிகழ்ச்சி சின்னமேளம். ஆறுமுக நாவலர் காலந்தொட்டுச் சைவப் பெரியவர்கள் கண்டித்த சதிராட்டத்தின் வழிவந்தது. கண்டித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முன்வரிசையில்தான் இடம் வேணும்.

பிறகு சின்னமேளத்தின் இடத்தை மெல்லிசைக் கோஷ்டி பிடித்தது. கிற்றார், ஓர்கன், ட்ரம்ஸ், பொங்கோஸ். நோட்டீசில் ‘கண்ணன் கோஷ்டி’ என்று கண்டால் பொழுதுபடமுன்னமே வீதி மணலில் பாய் விரிந்துவிடும். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’. பைலாத் தாளம் எழும்பினால் பின்னுக்கு நின்ற பெடியள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்குவார்கள். பெட்டையள் ஆடமாட்டார்கள், பாயில் இருந்தபடி விரலால் தாளம் போடுவார்கள். அம்மம்மாமார் அதையும் கவனித்து வைத்திருப்பார்கள்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் போகும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் போராட வேண்டியிருந்தது. லவுட்ஸ்பீக்கர் எல்லாருக்கும் பாடியது. பாய் விரிக்கும் இடம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

எண்பதுகளில் போரும் ஊரடங்கும் வந்து இரவை எடுத்துக்கொண்டன. 1990இல் போர் மீண்டும் மூள, மின்சாரமும் போனது. பற்றரிக்கும் தடை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் மூட்டை முடிச்சுகளோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. பாய் இருந்தவர்கள் அதையும் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போதும் திருவிழாவுக்கு இசைக்குழுக்கள் வருகின்றன. வெளிச்சமும் சத்தமும் அன்றையதைவிடப் பெரிது. ஆனால், பிள்ளையை மணலில் நித்திரையாக்கிவிட்டு விடியும்வரை பயமில்லாமல் இருக்கலாம் என்று ஊர் நம்பிய அந்த இரவை ஒரு தலைமுறை கண்டதேயில்லை.

அன்று கிற்றார் பிடித்த பெடியள் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கோஷ்டியில், எந்தக் கோயிலில், என்ன வாசித்தார் என்று கேட்டு எழுதிவையுங்கள். அடுத்த திருவிழா வரட்டும் என்று பிற்போட வேண்டாம்.