நெட்டிலிங்கப் பட்டை

எம் பள்ளியின் கிழக்கு மதிலையொட்டி வரிசையாக நிற்கும் மரங்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் நாங்கள் அவற்றை அசோக மரங்கள் என்றே சொல்லி வந்தோம். அக்காமார் சொன்னார்கள்; நாங்களும் சொன்னோம். அவற்றில் ஒன்றின் பட்டையை உரித்தவர்கள் நாங்கள் நால்வர்தாம். அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

காரணம் எங்கள் தோழி. பெயரை எழுதுவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். மற்றதை எழுத அவளே சம்மதித்தாள். "இதையெல்லாம் மலரில் போடலாமா?" என்று நாங்கள் தயங்கியபோது, "பேசாமல் மறைப்பதால்தானே பிள்ளைகள் மயங்கி விழுகிறீர்கள்?" என்று எங்கள் சிஸ்டர் கேட்டார்.

ஆம், அவள் மயங்கித்தான் விழுந்தாள். ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில் செபம் முடியுமுன்னே சரிந்துவிட்டாள். "காலையில் சாப்பிடவில்லை, சிஸ்டர்" என்று சமாளித்தாள். அது பாதி உண்மை. விடியுமுன் டியூஷனுக்கு ஓடுகிறவளுக்குக் காலை உணவு ஏது? மறுபாதியை மத்தியான இடைவேளையில் எங்களிடம் சொன்னாள். மாதவிலக்கு வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்பதில்லையாம். ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் நாப்கின் மாற்ற ஓடவேண்டுமாம். பிறகு இரண்டு மாதம் தலையே காட்டாதாம். வீட்டில் சொன்னால் ஆஸ்பத்திரி, செலவு, படிப்புக் கெடும் என்று ஒரு வருடமாக வாயைத் திறக்கவில்லை.

எங்களில் ஒருத்தியின் பாட்டி, பெரும்பாட்டுக்கு அசோகப் பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருந்தோம். மருந்து மதிலோரம் நிற்க, கவலை எதற்கு? மறுநாள் இடைவேளையில் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்துக்கொண்டு போனோம். ஒருத்தி காவல், மூவர் வேலை. கைக்குட்டை நிறையப் பட்டை கிடைத்தது.

பாட்டி நல்லவேளையாக அதை உடனே அடுப்பில் ஏற்றவில்லை. "அளவு தெரியாம காய்ச்சப்பிடாது, வைத்தியர்ட்ட கேப்போம்" என்று எங்களையும் தோழியையும் அழைத்துப் போனார். எங்கள் குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். ஆகவே இங்கே ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் பஞ்சமில்லை.

வைத்தியர் கைக்குட்டையைப் பிரித்தார். "எங்க உரிச்சீங்க மக்களே?" என்றார். சொன்னோம். சிரிக்கவில்லை. "அது நெட்டிலிங்கமாக்கும். அசோகு இப்படி ஊசி மாதிரி நிக்காது. ஒரே ஈர்க்குல ஜோடி ஜோடியா இலை வரும். தளிர் செம்பு நிறத்துல தொங்கும். பூ ஆரஞ்சும் சிவப்புமா கொத்துக் கொத்தாப் பூக்கும். உங்க மரத்துல அப்படிப் பூ கண்டதுண்டா?" என்றார். நாங்கள் கண்டது பச்சை நிறத்தில் சிறு பூக்களைத்தான். நெட்டிலிங்கப் பட்டையையே அசோகப் பட்டை என்று விற்கிற கடைகளும் உண்டாம். உண்மையான அசோக மரமோ காடுகளில் குறைந்துகொண்டே வருகிறது.

பிறகு தோழியின் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். எப்போது தூங்குகிறாய், எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுவதைக் கேட்டதும் பாட்டியைத்தான் முறைத்தார். கீழ்நோக்கிச் செல்லும் வாயுவுக்கு அபானன் என்று பெயராம். பட்டினியும் கண்விழிப்பும் அதைக் கெடுக்கும், பித்தம் மிகுந்தால் உதிரம் பெருகும் என்பது ஆயுர்வேதக் கணக்கு. சரக சம்ஹிதை பெண்களின் நோய்கள் இருபதை வகைப்படுத்தியிருக்கிறது என்றும் சொன்னார். பெண்களின் நோயைப் பற்றி எழுதக் கூச்சப்படாதவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள்! அசோகப் பட்டை ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு சேர்த்துத் தண்ணீர் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சுவதே முறையாம். ஆனால் அதை அவர் அன்று கொடுக்கவில்லை. "பிள்ளைக்கு ரத்தமே இல்ல. முதல்ல ரத்தம் பாத்துட்டு வாங்க. ஏன் போகுதுன்னு தெரியாம நான் எதை நிறுத்த?" என்றார்.

அன்று மாலையே அவள் அம்மாவிடம் பாட்டி பேசினார். அம்மா திட்டவில்லையாம், அழுதாராம்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 என்று வந்தது. 12 இருக்கவேண்டும். அதோடு தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரப்பதும் தெரிந்தது. அது குறைந்தால் மாதவிலக்கு முறைதவறும், உதிரப்போக்கும் மிகும் என்று டாக்டரம்மா விளக்கினார். பூப்பெய்திய முதலிரண்டு வருடம் மாதக்கணக்கு முன்பின்னாக இருப்பது இயல்பு. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும், மணிக்கொரு நாப்கின் நனைவதும் இயல்பல்ல என்றார். இதில் எங்களுக்கு வெட்கமான ஒரு செய்தி உண்டு. நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத் தைராய்டை அழகாக வரைந்து பெயர் குறித்து முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-இல் ஸ்டார்லிங் வழங்கினார் என்பதும் மனப்பாடம். பக்கத்து இருக்கையில் இருந்தவளின் கழுத்துக்குள் நடந்ததுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். இரும்புச்சத்து மாத்திரை நான்கு மணி நேரமாவது தள்ளி, தேநீர் கூடாது. வைத்தியர் தம் பங்குக்குச் சாப்பாட்டை மட்டும் சொன்னார்: கருப்பட்டி போட்ட உளுந்தங்கஞ்சி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, பத்து மணிக்குத் தூக்கம். அசோகப் பாலை டாக்டரம்மாவிடம் கேட்டுப் பிறகு பார்க்கலாம் என்றார். பெயர்ச்சீட்டு இல்லாத செந்தூரப் பொட்டலங்களை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று கண்டித்துச் சொன்னார். டியூஷன் மாலைக்கு மாறியது. எள்ளுருண்டை வகுப்பில் எங்கள் கைக்குத்தான் அதிகம் வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

நவம்பரில் 10.9 ஆயிற்று. விலக்கு ஆறு நாளில் நின்றது. விளையாட்டு விழாவில் அவள் ஓடவில்லை, டாக்டரம்மா இன்னும் அனுமதிக்கவில்லை. ஆனால் அணிவகுப்பில் கொடி பிடித்து வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றாள். நாங்கள் நால்வரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதிலோர மரத்தில் எங்கள் காம்பஸ் பட்ட இடம் கறுத்துக் கிடக்கிறது. யார் செய்தது என்று தோட்டக்கார அண்ணன் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இம்மலர் அவர் கைக்குப் போகும் நாளில் நாங்கள் கிழக்குப் பக்கம் போகப்போவதில்லை.