தருபவர் கணக்கு

மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது வாய்ப்பழக்கம், டேலியில் தட்டுகிறேன் என்பதே சரி. மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி, ஜூலையிலும் செப்டம்பரிலும் வருமான வரி. அந்த நாட்களில் நான் வீடு போய்ச் சேருவதற்குள் பாப்பா தூங்கியிருப்பாள். ஊரார் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடிய விடியத் தேடுகிறவன் வீட்டில் கணக்கு நோட்டு என்று ஒன்று கிடையாது.

ஒரு மார்ச் முடிந்த கையோடு எங்கள் பாஸ்புக்கையும் கார்டு பில்லையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்சிக்காரர் ஒருவர் இந்த இரண்டையும் கொண்டுவந்திருந்தால் என்ன நினைப்பேனோ அதையே என்னைப் பற்றியும் நினைத்தேன். தவணையில் வாங்கிய கார் மாதத்தில் நாலு நாள்கூட வாசலை விட்டு நகரவில்லை. கடைக் கணக்கென்றால் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம். வீட்டுக் காருக்கு அதுவும் இல்லை, தேய்வது மட்டும்தான். ராத்திரிச் சாப்பாட்டில் பாதி வெளியிலிருந்து வந்திருந்தது. மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்ட நாட்களை எண்ணிப் பார்த்தோம். அந்த மாதத்தில் ஐந்து.

காரை விற்றோம். மளிகையை மாதம் ஒருமுறை கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்குவது, பாக்கெட் மாவை நிறுத்துவது, தேதி நெருக்காத நாளில் எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டில் கை வைப்பது என்று முடிவு. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, கோடு போட்டு, தினமும் எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் மாதம் செலவு கணிசமாக இறங்கியிருந்தது. கூட்டுத்தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு இழுத்தபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மனைவி நோட்டை வாங்கிப் புரட்டினாள். "என்னங்க, இதுல ஒரு கணக்கு விட்டுப்போச்சு."

"எது?"

"பாக்கெட் மாவு மிச்சம்னு எழுதியிருக்கீங்க. அரைச்சது யாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வணிகவியல் படித்த எவருக்கும் தெரிந்த முதல் பாடம் அது. பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. மாவும் மிச்சமும் வீட்டுக்கு வந்துவிட்டன. தந்தவள் பெயரில் கணக்கே திறக்கவில்லை. ஒற்றைப் பதிவாக எழுதிவிட்டு இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவரைச் சொல்வதென்றால் ஜே.சி. குமரப்பாதான். காந்தியப் பொருளாதார அறிஞர் என்றால் பலருக்கும் தெரியும். அவர் தொழில்முறை ஆடிட்டர் என்பது எங்கள் ஆட்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்கியல் கற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். 1929-ல் காந்தியைச் சந்தித்த பின், குஜராத்தில் மாதர் தாலுகா கிராமங்களில் குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். கம்பெனிக் கணக்கைப் பார்த்த அதே கண்ணால் குடியானவன் வீட்டுக் கணக்கைப் பார்த்தவர். கடைசிக் காலத்தில் எங்கள் மதுரைப் பக்கத்து டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தார். ராஜபாளையம் பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

சிறையிலிருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் அவர் பொருளாதாரத்தைப் படிப்படியாக அடுக்குகிறார். அடித்துத் தின்னும் புலி கீழே. அதற்கு மேலே தோட்டத்தில் பறித்துத் தின்னும் குரங்கு, கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ. உச்சியில், பிரதிபலன் பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. படித்தபோது நெகிழ்ந்த இடம்தான். மாவுக் கேள்விக்குப் பிறகு திரும்பப் படித்தபோது கொஞ்சம் நெருடியது. தாய் கணக்குப் பார்ப்பதில்லை என்பது சரி. அதற்காக மற்றவர்களும் அவள் கணக்கைப் பார்க்க வேண்டாம் என்று ஆகிவிடுமா? சிட்டுக்குருவியில் அப்பன் குருவியும்தான் இரை கொண்டுவருகிறது.

ஒரு வாரம் பணத்தை விட்டுவிட்டு நிமிஷத்தை எழுதினோம். ஆளுக்கொரு பத்தி. வீட்டு வேலைக்கு அவளுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எனக்கு முப்பத்தைந்து நிமிஷம். அதிலும் போனில் கரண்ட் பில் கட்டிய நேரத்தைச் சேர்த்திருந்தேன். கட்சிக்காரர் யாராவது இப்படி ஒரு வவுச்சர் நீட்டியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். 2019-ல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு நாளுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97 என்று வந்தது. நாட்டுச் சராசரியே வெட்கக்கேடு, நான் அதற்கும் கீழே. காரை விற்று, பாக்கெட்டை நிறுத்தி நான் பேர் வாங்கிக்கொண்ட எளிய வாழ்க்கை முழுக்க அவள் முதுகில் ஏறியிருந்தது.

தப்பான பதிவை அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவுதான் போட வேண்டும் என்பது தொழில் ஒழுக்கம். சனிக்கிழமை மாவு என் பொறுப்புக்கு வந்தது.

முதல் வாரம் உளுந்து முழுவதற்கும் வேண்டிய தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். கல் சுற்றியது, உளுந்து அடியில் ஓடி ஒளிந்துகொண்டது. மறுநாள் இட்லி என்று வந்ததைப் பாப்பா தட்டில் தட்டிக் காட்டினாள், சத்தம் கேட்டது. "மாவு நஷ்டம்" என்று நோட்டில் தனித் தலைப்பே திறந்தேன். பிறகுதான் கை பழகியது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்துக்குத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. அரை மணி நேரம் ஓடியபின் கல்லின் ஓசையே மாறும். கரகரப்பு போய் ஒரு வழவழத்த சத்தம் வரும். அப்போது ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிதந்தால் வழிக்கலாம். அரிசி மட்டும் ரவைப் பதத்தில் நிற்க வேண்டும். கடைசியில் உப்புப் போட்டு அடியோடு கையால் கலக்க வேண்டும். சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கி மேடையெல்லாம் வழியும், மார்கழியில் விடிந்தாலும் அசையாது. வேலை செய்வது நாமில்லை, உளுந்தோடு வந்த நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தேதி நெருக்கடி கிடையாது.

எல்லாவற்றையும் துறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். எளிமை என்றால் வாஷிங் மெஷினையும் விற்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் வீட்டில் துவைக்கிறவர் அவர் இல்லை. மெஷின் இருக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வைக்கிறோம். செப்டம்பர் கடைசியில் பாக்கெட் மாவுதான், கூச்சப்படாமல் வாங்கி, செலவில் எழுதுகிறேன். 18 முதல் 20 வரை எட்டு மணித் தட்டில் நான் இருப்பதில்லை. அந்த நாட்களுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. முன்பு எல்லா நாளுமே அப்படித்தான் போயிற்று, சிவப்பு மைக்கு வேலை இல்லாமல் இருந்தது.

நிமிஷப் பத்தியை இப்போது நிரப்புவது பாப்பா. ஐந்தாம் வகுப்பு, கையெழுத்து என்னுடையதைவிடத் தெளிவு. போன சனிக்கிழமை பக்கத்தைப் பார்த்தேன். அப்பா: உளுந்து, அரிசி, 60 நிமிஷம். பாப்பா: கிரைண்டர் கல் கழுவினது, 10 நிமிஷம். அம்மா: மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு அத்தையோடு பேசினது, 40 நிமிஷம்.

"பாப்பா, அது வேலை இல்லையேம்மா. இதை எந்தத் தலைப்பில் கொண்டுபோறது?"

"தலைப்பு நீங்க போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு இட்லித் துணியை நனைக்கப் போய்விட்டாள்.