ஒரு சதவீதம்

2017-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் மெல்போர்னில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அது கடுங்குளிர் காலம். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பற்கள் தாமாகவே தாளம் போட ஆரம்பித்தன. தங்கைக்காக எடுத்துப் போன வடகத்தையும் ஊறுகாயையும் சுங்க அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் பிரித்துப் பார்க்காத சுமை ஒன்றும் என்னிடம் இருந்தது. அது ஒரு கடிதம்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்த கடிதம். நான் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். கதையை இன்னும் நாலே அத்தியாயத்தில் முடித்துவிட வேண்டுமாம். அதற்குப் பதிலாக வாராவாரம் இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை மாதிரி ஏதாவது எழுதித் தரலாமாம். 'உங்களுக்கு அது நன்றாக வரும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். மரியாதையான மனிதர். ஆனால் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும், முன் பந்தியிலிருந்து எழுப்பிப் பின் பந்தியில் உட்கார வைக்கப்பட்டவனுக்கு அது தெரியாமல் போகுமா? காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, கதை எழுதப் போகிறேன் என்று கிளம்பி வந்தவன் நான். கதை இல்லை என்றால் நான் யார் என்று எனக்கே விளங்கவில்லை.

தங்கை வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அவசியமும் ஏற்படவில்லை. நான் போன நாலாம் நாள், என்னைவிடப் பெரிய துக்கம் ஒன்று அந்த வீட்டுக்குள் நுழைந்தது.

என் மருமானுக்கு அப்போது 12 வயசு. வயசுக்கு மீறின உயரம். பக்கத்துப் பேட்டைச் சங்கத்தில் அந்த ஊர்க் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். சாயங்காலம் பயிற்சிக்குப் போனவன் திரும்பி வந்து, சேறு ஒட்டிய பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தான்.

"என்னைப் பின்னாலே போட்டுட்டாங்க, மாமா. இனிமே நான் கோலே அடிக்க முடியாது. நான் போகப் போறதில்லே."

தங்கை சமாதானம் சொன்னாள். பால் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் தொடவில்லை. எனக்கு அவனைத் தேற்ற வாய் வரவில்லை. அதே வழக்கில் நானும் வாதியாக இருக்கும்போது யாரைத் தேற்றுவது?

அந்த ஆட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் பார்க்கும் கால்பந்து அல்ல அது. கிரிக்கெட்காரர்கள் குளிர்காலத்தில் உடம்பு சோம்பிவிடாமல் இருக்க ஏற்படுத்திக்கொண்டது. 1859-ல் மெல்போர்னில் விதிகளை எழுதி வைத்தார்கள். நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு கோடியிலும் நாலு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. காலால் உதைத்து வரும் பந்தை யாராவது அந்தரத்தில் தாவிப் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம். ஜனங்கள் பணம் கொடுத்துப் பார்க்க வருவது அந்தத் தாவலைத்தான். முன்னால் நிற்கிறவன் தாவிப் பிடித்துக் கோல் அடிப்பான். அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அவனைப் பிடிக்கவிடாமல் செய்வது பின்னால் நிற்கிறவனின் வேலை.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் மாப்பிள்ளை. அவர் கார்ல்டன் சங்கத்தின் பரம பக்தர். அந்த ஊருக்கு வந்த புதிதில் வாடகைக்கு இருந்த வீடு கார்ல்டன் பேட்டையில் இருந்தது என்பதைத் தவிர அந்தப் பக்திக்கு வேறு காரணம் கிடையாது. பையன் படுக்கப் போனபின் மெள்ளச் சொன்னார்:

"மச்சான், இவனை ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம். லியாம் ஜோன்ஸைப் பார்க்கட்டும்."

லியாம் ஜோன்ஸ் டாஸ்மேனியாத் தீவில் ஹோபார்ட் ஊர்க்காரர். ஏறக்குறைய ஆறரை அடி உயரம். அந்த உயரத்துக்கு நம்ப முடியாத ஓட்டம், தாவல். இப்படி ஒருவரைக் கண்டால் எந்தச் சங்கமும் என்ன செய்யும்? வெஸ்டர்ன் புல்டாக்ஸ் சங்கம் அவரை முன்னால் நிறுத்தியது. 2010 முதல் 2014 வரை 66 ஆட்டங்கள் ஆடினார். பிறகு கார்ல்டனுக்கு வந்தார். அங்கேயும் முன்னால்தான். ஒரு நாள் நன்றாக இருக்கும், மூன்று நாள் இருக்காது. கைக்கு வந்த பந்து நழுவும்.

"நானே எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா?" என்றார் மாப்பிள்ளை, ஏதோ பாவமன்னிப்புக் கேட்கிறவரைப் போல.

2017 தொடக்கத்தில் ஜோன்ஸுக்குப் பெரிய அணியில் இடம் இல்லை. நார்தர்ன் ப்ளூஸ் என்ற துணை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 26 வயசு. அந்த உத்தியோகத்தில் அது பாதி ஆயுள். அங்கேதான் யாருக்கோ தோன்றி, அவரைப் பின்வரிசையில் நிறுத்திப் பார்த்தார்கள். அந்த வருஷம் பாதியில் அவர் பெரிய அணிக்குத் திரும்பி வந்தபோது, கோல் கம்பத்தடியில் காவல் நிற்கிறவராக வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்குப் போனோம். மாப்பிள்ளை கழுத்தில் கருநீலத் துண்டு. பையன் முகத்தில் பத்து நாள் ஜுரம் கண்ட களை. என் மடியில் பிளாஸ்கில் காப்பி. முதல் கால் மணி நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பிறகு மாப்பிள்ளை, "பந்தைப் பார்க்காதீங்க மச்சான், அவரைப் பாருங்க" என்றார். அதன்பிறகுதான் புரிந்தது.

வானத்திலிருந்து பந்து இறங்கி வருகிறது. எதிர் அணியின் நெட்டை ஆட்டக்காரர் ஒருவர் அதற்காக ஓடுகிறார். ஜோன்ஸ் இரண்டடி பின்னால். அவ்வளவுதான், பிடித்துவிட்டார் என்று நினைக்கும் கணத்தில் பின்னாலிருந்து ஒரு முஷ்டி நீண்டு வந்து பந்தைக் குத்துகிறது. தோல் பந்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். பந்து எங்கேயோ உருண்டு போகிறது. ஆட்டம் எங்கேயோ நகர்ந்துவிடுகிறது. ஜோன்ஸ் எழுந்து, அடுத்த பந்து வரும் திக்கைப் பார்த்துக்கொண்டு பின்வாங்கி நடக்கிறார். கூட்டம் அதற்குள் வேறு யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது.

அன்று இது எத்தனை தடவை நடந்தது என்று நான் எண்ணவில்லை. ஆனால் மறுநாள் பத்திரிகையில் எண்ணிப் போட்டிருந்தார்கள். பந்தைக் குத்தித் தள்ளுவது, எதிரி உதைக்கும்போது கையை நீட்டித் தடுப்பது, தோழனுக்கு ஓட வழி செய்து கொடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒரு சதவீதங்கள்'. கணக்கில் வராத காரியங்களுக்கு ஒரு கணக்கு! இதைவிட நல்ல பெயரை ஒரு கதாசிரியன்கூட யோசித்திருக்க முடியாது.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் எனக்கு ஒரே யோசனை. இந்த மனிதர் இரண்டு மாதத்தில் புதிதாக எதைக் கற்றுக்கொண்டார்? உயரம் அதே உயரம். ஓட்டம் அதே ஓட்டம். கைகூட அதே கைதான். மாறியது ஒன்றே ஒன்று, அந்தக் கையிடம் கேட்கப்பட்ட கேள்வி. முன்னால் நின்றபோது, 'பிடித்தாயா?' என்று கேட்டார்கள். இரண்டு கைகளும் சரியாக விரிந்து, பந்து உள்ளங்கையில் தங்க வேண்டும்; அதில்தான் அவருக்குத் தகராறு. பின்னால் நின்றபோது, 'தடுத்தாயா?' என்று கேட்டார்கள். அதற்கு ஒரு முஷ்டி போதும். சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பெரிய காரியம். அது அவருக்குப் பிறவியிலேயே இருந்தது. தவிர, முன்னால் ஓடுகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான், எங்கே ஏமாற்றுவான் என்பதெல்லாம் ஏழு வருஷம் அதே வேலையைச் செய்தவருக்குத் தெரியாதா? பாம்பின் கால் பாம்பறியும். தோற்றுப்போன ஏழு வருஷமும் வீண்போகவில்லை. அது வேறு கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. முன்னால் நிற்கிறவன் பத்துப் பந்தில் ஏழைத் தவறவிட்டு மூன்றில் கோல் அடித்தால் அவனைத் தோளில் தூக்குவார்கள். பின்னால் நிற்கிறவன் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றுதான் பேச்சு. அது மட்டுமல்ல, சரியான இடத்தில் ஒருவன் போய் நின்றதால் அணி முழுவதும் கரையேறிவிடுவதும் இல்லை. அந்த வருஷம் கார்ல்டன் 22 ஆட்டங்களில் 6-ல்தான் ஜெயித்தது. 18 சங்கங்களில் 16-ஆவது. ஆனால் அடுத்த பந்து வரும்போதும் ஜோன்ஸ் அங்கே நின்றார்.

இதையெல்லாம் பையனிடம் நான் உபதேசமாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் தம் பங்குக்கு, கார்ல்டனில் ஆடிய ஸ்டீபன் சில்வாக்னியைப் பற்றிச் சொன்னார். 1996-ல் நூறாண்டுகளின் சிறந்த அணி என்று லீக் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது கோல் காக்கும் 'ஃபுல் பாக்' இடம் அவருக்குத்தான் கிடைத்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. ரயில் ஜன்னலில் முஷ்டியை மடக்கி, மெதுவாக ஒருமுறை குத்திப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு காலை அவனுடைய ஆட்டம். புல்லெல்லாம் பனி. பத்துப் பதினைந்து பெற்றோர்கள் கம்பளிக்குள் ஒளிந்துகொண்டு நின்றார்கள். முதல் பாதியில் அவன் காவல் காத்த பையன் இரண்டு கோல் அடித்துவிட்டான். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் கால் பகுதியில் அதே பையனை நோக்கி ஒரு பந்து உயரே வந்தது. என் மருமான் பின்னாலிருந்து ஓடிவந்து கையை நீட்டினான். பந்து முஷ்டியில் பட்டு, ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே தெறித்துப் போயிற்று. நடுவர் ஒற்றைக் கொடியை ஆட்டினார். எதிரிக்கு 1 புள்ளி. 6 போக வேண்டிய இடத்தில் 1.

யாரும் கை தட்டவில்லை. எதிரிக்குப் புள்ளி போனால் யார் தட்டுவார்கள்? அவன் மட்டும் திரும்பி, நாங்கள் நின்ற பக்கம் பார்த்தான். நான் ஒரு சதவீதம் என்பதற்கு அடையாளமாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று ராத்திரியே ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். நாலு அத்தியாயத்தில் முடிக்கிறேன், கட்டுரைக்கும் சம்மதம் என்று இரண்டே வரி. கதையை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. வேறு கேள்வியைக் கேட்டால் இந்தக் கை என்ன பதில் சொல்லும் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மறு வருஷம் செப்டம்பரில் பையன் டெலிபோனில் கூப்பிட்டான். 2018 இறுதி ஆட்டம். முடிய இன்னும் சில நிமிஷங்களே இருக்கும்போது காலிங்வுட் 2 புள்ளி முன்னால் இருந்ததாம். வெஸ்ட் கோஸ்ட் அணியின் பின்வரிசைக்காரர் ஜெரமி மெக்கவர்ன் எதிரியின் பந்தை அந்தரத்தில் மறித்துப் பிடித்தார்; அங்கிருந்து கை மாறி, கால் மாறிப் போன பந்தை டாம் ஷீட் ஓரத்திலிருந்து உதைத்துக் கோல் ஆக்கினார். 5 புள்ளியில் வெற்றி. "எல்லாரும் ஷீட், ஷீட்னு கத்தறாங்க, மாமா. ஆனா ஆரம்பிச்சது யாரு?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவனே சொல்லிக்கொண்டான்: "பின்னாலே நின்னவர்."

ஜோன்ஸின் கதை பிறகும் நேர்கோடாகப் போகவில்லை. 2021 கடைசியில், தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று லீக் வைத்த விதியை ஒட்டி அவர் கார்ல்டனை விட்டு விலகினார். அந்த முடிவைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. மாப்பிள்ளையும் பையனுமே இரண்டு கட்சி. ஒரு வருஷம் க்வீன்ஸ்லாந்தில் உள்ளூர்ச் சங்கத்தில் ஆடினார். 2023-ல் பெரிய ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். அழைத்தது யார் தெரியுமா? வெஸ்டர்ன் புல்டாக்ஸ். முதலில் முன்னால் நிறுத்திப் பார்த்து, சரிப்படவில்லை என்று அனுப்பிய அதே வீடு. இம்முறை பின்னால் நிற்பதற்காகக் கூப்பிட்டது.

மருமானுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. என்னை முந்தி வளர்ந்துவிட்டான். சென்ற தடவை ஊருக்கு வந்திருந்தபோது, என் மேஜை மேல் கிடந்த பத்திரிகையைப் புரட்டினான். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். என் பெயரைக் கண்டுபிடித்து, பக்க எண்ணைப் பார்த்தான். கடைசிப் பக்கத்துக்கு இரண்டு பக்கம் முன்னால்.

"உங்களையும் பின்னாலேதான் போட்டிருக்காங்களா, மாமா?" என்றான்.

"ஆமாண்டா" என்றேன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.