இரும்பும் எலும்பும்

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, திருவரங்கத்தில் கொள்ளிடக் கரையை அடுத்து வாழும் முதியவர் ஒருவரையும் சந்திப்பேன். பொன்மலை இரயில்வே பணிமனையில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் செயற்கை மூட்டுப் பொருத்தப்பெற்று, ஊன்றுகோலின்றிக் கோவிலுக்கு நடந்து வந்தவர்.

சென்ற ஆண்டு, தொடை இடுக்கில் வலி என்றார். "முதுமையின் சிலுவை, பொறுமையாய்ச் சுமப்போம்" என்று ஆறுதல் கூறினேன். அவரும் எட்டு மாதங்கள் சுமந்தார். பின்னர் எடுத்த எக்ஸ்ரே படத்தில், மூட்டைத் தாங்கிய எலும்பு கரைந்து, பொருத்திய கிண்ணம் ஆட்டங்கண்டிருந்தது தெரிந்தது. என் ஆறுதலே அவருக்குத் தீங்காயிற்றே என்று நெஞ்சம் குறுகினேன்.

மூட்டுக்கு இடும் உலோகம் துருப்பிடிக்காதது என்று எண்ணுகிறோம். கோபால்ட்-குரோமியக் கலவை, டைட்டானியம் ஆகியவற்றின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் கவசமாய் அமைந்திருப்பது மெய்யே. ஆயினும் உடலின் நீர் உப்பு நீரன்றோ! அடிக்கு அடி பாகங்கள் உராயும்போது கவசம் கிழிகிறது, மறுபடி உருவாகிறது, மறுபடியும் கிழிகிறது. உதிரும் நுண்துகள்களை உடலின் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. அவற்றைச் செரிக்க இயலாததால் எழும் அழற்சியில், சுற்றியுள்ள எலும்பே அரிக்கப்படுகிறது. கிண்ணத்தின் பிளாஸ்டிக் துகள்களும் இதே கேட்டை விளைவிக்கும்.

உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுகளில் கேடு இன்னும் கடுமை. டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. அத்தகையோரின் இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் எவ்வளவு என்று சோதிப்பார்கள். நம் முதியவருடைய மூட்டு அவ்வகையன்று.

மறு அறுவைக்கு முந்திய நாள் அவர் சொன்னார்: "சாமி, பட்டறையில் எண்ணெயிலே பொடி மின்னினாலே பேரிங் தேய்கிறது என்று கண்டுகொள்வோம். சத்தம் வரும்வரை காத்திருக்க மாட்டோம். என் உடம்புக்குத்தான் காத்திருந்துவிட்டேன்." பின்பு கொள்ளிடத்தின் பக்கம் கைகாட்டினார். 1928-இல் எழுந்த இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்ததை நாங்கள் இருவரும் அறிவோம். அன்று இற்றது மேலிருந்த இரும்பன்று. அதைத் தாங்கிய தூண்களின் பிடிமானமே.

எலும்பு குறைந்துவிட்டதால் மறு அறுவை கடினமாயிற்று. இறையருளால் இப்போது கோலூன்றி நடக்கிறார்.

செயற்கை மூட்டுடையோரே, வலி இல்லையெனினும் மருத்துவர் குறிக்கும் காலத்தில் படம் எடுத்துப் பாருங்கள். பொருத்திய மூட்டின் பெயர் எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புதிதாய் வலியோ நொண்டலோ கண்டால் நாள் கடத்தாதீர்கள். தீராத துன்பத்தைப் பொறுத்தல் புண்ணியம். தீர்க்கக் கூடியதை ஆராயாமல் விடுதல் புண்ணியமன்று.

இப்போதெல்லாம் வலி என்று வருவோரிடம், "மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்றே முதலில் கேட்கிறேன். ஆசீர் அதன் பிறகு.